வாஷிங் மெஷின் தண்ணி போகலையா, யூட்டிலிட்டில தண்ணி தேங்குதா? மெக்கானிக்கா பிளம்பரான்னு முதல்ல ஒரு பக்கெட்டை வெச்சு கண்டுபிடிங்க

போன ஐப்பசில எங்க அம்மா வீட்ல பத்து நாள் நடந்த கதை இது. பெரம்பூர்ல ரெண்டாவது மாடி, கிச்சனுக்குப் பின்னாடி நாலுக்கு ஆறடி யூட்டிலிட்டி, அதுக்குள்ளதான் ஃப்ரண்ட் லோட் மெஷின், ஆர்ஓ, பாத்திரம் தேய்க்கற சிங்க் எல்லாமே. மெஷின் பாதில நின்னு ட்ரெயின் எரர் காட்டுது, துணி சொட்டச் சொட்ட அப்படியே கிடக்குது. மெக்கானிக் வந்து பம்ப் போச்சுன்னார், 2,600 ரூபா குடுத்து மாத்தினோம், ரெண்டு நாள்ல திரும்ப அதே எரர். அப்புறம் பிளம்பர் வந்தார், தரையில இருக்கற நானி ட்ராப்ல (ஜாலி போட்ட, தண்ணி இறங்கற குழி) ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பார்த்தார், சர்ருனு போச்சு, "லைன் கிளியர், மெஷின்லதான் கோளாறு"ன்னு 400 வாங்கிட்டுப் போயிட்டார். எங்க அம்மா முட்டி வலியோட பெட்ஷீட்டெல்லாம் கையால பிழிஞ்சுக்கிட்டு இருந்தாங்க, அதைப் பார்த்துட்டு எனக்கு மனசே ஆறல. ஞாயித்துக்கிழமை நானே உக்காந்து ஹோஸை சுவத்துப் பைப்லேர்ந்து உருவி ஒரு பக்கெட்ல விட்டேன், தண்ணி பீச்சி அடிச்சுது. அடைப்பு மெஷின்லயும் இல்ல, ட்ராப்லயும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல சுவத்துக்குள்ள போற ஒண்ணேகால் இஞ்ச் பைப்போட எல்போல, அதாவது பைப் சட்டுனு திரும்பற மூலையில. ஒருத்தரும் அந்த ஒன்றரை அடியை சோதிக்கவே இல்ல.

அதனாலதான் இதை எழுதறேன். தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியாம யாரையும் கூப்பிடாதீங்க.

எதுலயும் கை வைக்கிறதுக்கு முன்னாடி

ஸ்விட்ச் ஆஃப் பண்ணா போதாது, பிளக்கையே உருவிடுங்க. யூட்டிலிட்டி தரை ஈரமா இருக்கும், நாம வெறுங்காலோட நிப்போம், மெஷின் பாடி இரும்பு. வீட்ல எம்சிபி (லோடு கூடினா தானா விழற சுவிட்ச்) இருக்குல்லன்னு நிறைய பேர் நம்பிக்கிட்டு இருக்காங்க, எம்சிபி ஒயரைக் காப்பாத்தும், ஷாக் அடிக்கற ஆளைக் காப்பாத்தாது, அதுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேணும், கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச் அது. பழைய ஃப்ளாட்ல அது இல்லாம இருந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதல்ல அதைப் போடுங்க, அடைப்பு ரெண்டு நாள் காத்திருக்கட்டும்.

பக்கெட் டெஸ்ட்

மெஷினோட ட்ரெயின் ஹோஸ் முனையை பைப்லேர்ந்தோ ட்ராப்லேர்ந்தோ எடுத்து ஒரு பெரிய பக்கெட்ல விடுங்க. ஃப்ரண்ட் லோடுன்னா பக்கெட்டைத் தரையில வெக்காம ஸ்டூல் மேல வெச்சு, ஹோஸ் முன்னாடி எந்த உயரத்துல இருந்துச்சோ அதே உயரத்துல பிடிக்கணும், ஏன்னா ஹோஸ் கீழ கிடந்தா பம்ப் வீக்கா இருந்தாலும் தண்ணி தானா இறங்கி வந்துடும், டெஸ்ட் பொய் சொல்லிடும். இப்ப மறுபடி பிளக் சொருகி, கை காயவெச்சுட்டு, ஸ்பின் மட்டும் போடுங்க. பக்கத்துலயே நில்லுங்க, ஒரு ரவுண்டுல பதினஞ்சு லிட்டருக்கு மேல கூட வரலாம், ரெண்டாவது பக்கெட் தயாரா இருக்கட்டும், ரொம்பற மாதிரி இருந்தா பாஸ் அமுக்குங்க.

தண்ணி வேகமா பீச்சி வந்தா மெஷின் நல்லா இருக்கு, வேலை பிளம்பருக்கு. உர்ர்னு சத்தம் மட்டும் வந்து தண்ணி வரலைன்னாலோ, சின்னப் புள்ள ஒண்ணுக்குப் போற மாதிரி மெல்லிசா வந்தாலோ மெஷின் பக்கம்தான் பார்க்கணும். இந்த ஒரு டெஸ்டை நாங்க முதல் நாளே பண்ணியிருந்தா அந்த 2,600 மிச்சம்.

தண்ணி மெஷின் உள்ளயே நிக்குது, பக்கெட்லயும் வரல

ஃப்ரண்ட் லோடா இருந்தா கீழ மூலையில ஒரு சின்ன மூடி இருக்கும், பெரும்பாலும் வலது பக்கம். அதைத் திறந்தா ஃபில்டர். பல வீட்ல மெஷின் வாங்கி அஞ்சு வருஷம் ஆகியும் அந்த மூடியைத் திறந்ததே கிடையாது. வெந்நீர்ல துவைச்சிருந்தா முதல்ல ஆற விடுங்க. பக்கத்துல ஒரு சின்ன ரப்பர் ட்யூப் இருந்தா அதோட முனை மூடியைக் கழட்டி, தண்ணியை தாம்பாளத்துல கொஞ்சம் கொஞ்சமா வடிச்சிட்டு, அப்புறம்தான் ஃபில்டரை இடப்பக்கமா மெதுவா திருகணும், ஒரே திருகா திருகினா யூட்டிலிட்டி முழுக்க தண்ணி. உள்ள என்ன கிடைக்கும்னா ஒரு ரூபா காசு, ஊக்கு, ஹேர்பின், சட்டை பட்டன், லுங்கி நூல், குழந்தையோட ஒத்தை சாக்ஸ். ஃபில்டரை எடுத்ததும் வேலை முடிஞ்சுதுன்னு மூடிடாதீங்க. அந்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா பம்போட சின்ன ஃபேன் தெரியும், பிளக் உருவியிருக்குன்னு இன்னொரு தடவை உறுதி பண்ணிக்கிட்டு அதை ஒரு குச்சியால சுத்திப் பாருங்க, விட்டு விட்டு ஜெர்க் ஆகி சுத்தும், அது உள்ள இருக்கற காந்தத்தால, நார்மல்தான். சுத்தவே சுத்தலைன்னா நூலோ முடியோ அச்சுல சுத்தியிருக்கு, ட்வீசரால இழுங்க. எந்தத் தடையும் இல்லாம தொளதொளன்னு இருந்தா, இல்ல ஃபேன் இறக்கை உடைஞ்சிருந்தா, அப்பத்தான் பம்ப் மாத்தறது.

எரர் கோடு தெரிஞ்சு வெச்சிக்கிட்டா போன்ல சொல்ல வசதி. எல்ஜில ஓஇ, சாம்சங்ல 5இ இல்ல 5சி, போஷ்ல இ18, இது எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தான், குறிச்ச நேரத்துக்குள்ள தண்ணி வெளிய போகல. பம்ப் கெட்டுப்போச்சுன்னு அந்தக் கோடு சொல்லவே இல்ல, இதை நல்லா மனசுல வெச்சுக்கங்க, ஹோஸ் மடங்கியிருந்தாலும் அதே கோடுதான் வரும், சுவத்துல அடைப்பு இருந்தாலும் அதேதான்.

டாப் லோட் விஷயம் வேற. நம்மூர் டாப் லோடுகள்ல நிறைய மாடல்ல பம்பே கிடையாது, கீழ ஒரு வால்வு, அதை இழுக்க ஒரு குட்டி மோட்டார், வால்வு திறந்ததும் தண்ணி தன் எடையாலயே இறங்கிப் போகுது அவ்ளோதான். அதனால அந்த ஹோஸ் தரையோட தரையா படுத்திருக்கணும். இதை ஃப்ரண்ட் லோடு மாதிரி சுவத்துப் பைப்ல ரெண்டடி தூக்கி சொருகிட்டு தண்ணி போகலன்னு புகார் பண்ற வீடுகளை நானே மூணு பார்த்துட்டேன், மூணுலயும் ஹோஸை இறக்கிப் போட்டதும் சரியாயிடுச்சு. மெஷினை ஸ்டாண்டு மேல ஏத்தறதும் இதுக்கு நல்லதுதான், எவ்ளோ உயரமோ அவ்ளோ வேகமா இறங்கும். ஹோஸ் சரியா கிடந்தும் போகலைன்னா வால்வு மோட்டார் போயிருக்கும், இல்லைன்னா வால்வுக்குள்ள துணித் துண்டு சிக்கியிருக்கும், அது மெக்கானிக் வேலை.

செமி ஆட்டோமேட்டிக்ல ட்ரெயின் நாப் திருப்பினா ஒரு பட்டை மேல இழுத்து அடியில இருக்கற ரப்பரைத் தூக்கும். நாப் லூசா சுத்துதுன்னா பட்டை அறுந்திருக்கு, டைட்டா இருந்தும் போகலைன்னா ரப்பர்கிட்ட பஞ்சு சேர்ந்திருக்கு. வாஷ் டப் ஓரத்துல நெட்டுக்குத்தா ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும், அதைக் கழட்டினா உள்ள கை போகும், பழைய டூத் பிரஷ் போதும்.

பக்கெட்ல நல்லா வருது, ஆனா தரையில பொங்குது

இதுதான் அதிகமா வர்ற பிரச்சனை. மழையாலதான்னு நினைச்சுக்குவோம், ஆனா மழைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நம்ம துணி துவைக்கற பழக்கத்துக்கும் இதுக்கும்தான் சம்பந்தம். காலர்ல, கைல பார் சோப் தேய்ச்சிட்டு மெஷின்ல போடுவோம், துணி சோப்புக் கட்டில கரையாத மாவுப் பொருள் சேர்த்திருப்பாங்க, அது அடியில படியும். போர் தண்ணியோட உப்பு, பவுடர், பஞ்சு எல்லாம் சேர்ந்து சாம்பல் கலர்ல மெழுகு மாதிரி ஒரு வண்டல். கிச்சன் சிங்க் தண்ணியும் அதே லைன்ல போனா எண்ணெயும் கூட சேரும், அப்புறம் அது கல்லு மாதிரி.

நானி ட்ராப்போட ஜாலியைத் தூக்குங்க. கரப்பான் வராம இருக்க கீழ ஒரு கப் வெச்சிருந்தா அதையும் எடுத்து பிரஷ் போட்டுத் தேய்ங்க. கிளவுஸ் போட்டுக்கிட்டு கையை விட்டு வண்டலை வழிச்சு எடுங்க, உள்ள தள்ளாதீங்க, கையால எடுக்கறதுதான் எல்லா மருந்தையும் விட பெட்டர். அப்புறம் ஒரு பக்கெட் தண்ணியை நேரா ட்ராப்ல ஊத்திப் பாருங்க. ஊத்தின உடனே நின்னா அடைப்பு ட்ராப்லயே இருக்கு. முதல்ல நல்லா போய் கொஞ்ச நேரம் கழிச்சு எழும்பி வந்தா அடைப்பு தள்ளி எங்கயோ. எவ்ளோ தள்ளின்னு கூட குத்துமதிப்பா சொல்லலாம், 75 மில்லிமீட்டர் பைப்ல ஒரு மீட்டருக்கு நாலரை லிட்டர் கிட்ட தண்ணி பிடிக்கும், அதனால 15 லிட்டர் பக்கெட் முழுசா வாங்கிட்டு அப்புறம் நின்னுதுன்னா ஏறக்குறைய மூணு மீட்டர் தள்ளித்தான் அடைப்பு. பிளம்பர்கிட்ட இதைச் சொன்னா அடைப்பு எடுக்க எவ்ளோ நீள ஸ்பிரிங் கம்பி எடுத்துட்டு வரணும்னு அவருக்கும் தெரியும். கூடவே கீழ் வீட்ல, மேல் வீட்ல ஒரு வார்த்தை கேளுங்க, அவங்களுக்கும் தேங்குதுன்னா அது காமன் லைன், அசோசியேஷன் செலவு, நீங்க தனியா காசு போடத் தேவையில்ல.

ட்ராப்ல ஊத்தினா போகுது, மெஷின் பைப்ல விட்டா மட்டும் எதுத்து வருதுன்னா எங்க அம்மா வீட்டுக் கதை. சுவத்துப் பைப்போட எல்போதான். அங்க ஹோஸை எம்சீல் போட்டு ஒட்டி வெச்சிருந்தாங்க, அதனால தண்ணி வெளிய பொங்கக் கூட வழியில்லாம மெஷினுக்குள்ளயே முட்டி நின்னு எரர் காட்டிச்சு, எல்லாரும் மெஷினைத் திட்டினோம். ஒண்ணேகால் இஞ்ச் பைப் ஃப்ரண்ட் லோட் பம்ப் தள்ளற வேகத்துக்குப் பத்தவே பத்தாது, புது வீடு கட்றவங்க, யூட்டிலிட்டி மாத்தறவங்க தயவுசெஞ்சு ரெண்டு இஞ்ச் கேளுங்க, எல்போக்குப் பதிலா வளைவா இருக்கற பெண்ட் கேளுங்க, விலை வித்தியாசம் ஒரு டீ காசுதான்.

இப்ப ஆசிட் பத்தி. அடைப்புன்னா நம்ம வீடுகள்ல கை முதல்ல ஆசிட் பாட்டிலுக்குத்தான் போகுது. பஞ்சும் நூலும் ஆசிட்ல அவ்ளோ சீக்கிரம் கரையாது, டைல்ஸ் ஜாயிண்ட்ல இருக்கற சிமெண்ட்தான் கரையும், அப்புறம் கீழ் வீட்டு சீலிங்ல ஒழுகும். ஆசிட் ஊத்தின இடத்துல பிளீச்சிங் பவுடர் போட்டா குளோரின் வாயு வரும், கதவை மூடின சின்ன யூட்டிலிட்டில அது உயிருக்கே ஆபத்து, ரெண்டையும் ஒரே நாள்ல கூட பயன்படுத்தாதீங்க. கடையில பாக்கெட்ல வர்ற அடைப்பு நீக்கற பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடா, எண்ணெய்ப் பிசுக்குக்கு ஓரளவு வேலை செய்யும், ஆனா தண்ணி பட்டா கொதிக்கற அளவு சூடாகும், குனிஞ்சு பார்க்காதீங்க, மேல பிளஞ்சர் போட்டு அமுக்காதீங்க, தெறிச்சா கண்ணு போயிடும். போட்டும் சரியாகலைன்னா பிளம்பர் வந்தவுடனே "உள்ள பவுடர் போட்டிருக்கேண்ணே"ன்னு சொல்லிடுங்க, இல்லைன்னா அவர் தெரியாம வெறுங்கையை விடுவார். கொதிக்கற வெந்நீரும் பிவிசி பைப்புக்கு ஆகாது, கை பொறுக்கற சூடு போதும்.

தண்ணி ரொம்பவே மாட்டேங்குது, வந்துக்கிட்டே இருக்கு

மெஷின் ஒரு மணி நேரமா தண்ணி எடுத்துக்கிட்டே இருக்கும், டிரம்ல பார்த்தா தண்ணியே இருக்காது, மீட்டர் போட்ட ஃப்ளாட்ல இருக்கறவங்களுக்கு பில் வரும்போதுதான் தெரியும். ஃப்ரண்ட் லோட்ல இதுக்குக் காரணம் பெரும்பாலும் ஹோஸ் ரொம்பத் தாழ்வா கிடக்கறது, இல்ல பைப்புக்குள்ள ஒரு முழம் உள்ள போயிருக்கறது. பெட்ரோல் டேங்க்ல ட்யூப் விட்டு இழுக்கற மாதிரி, ஒரு தடவை இறங்க ஆரம்பிச்சா உள்ள வர்றதெல்லாம் அப்படியே இறங்கிடும். பெரும்பாலான மேனுவல்ல ஹோஸ் முனை தரையிலேர்ந்து 60 சென்டிமீட்டருக்கு மேல, 100-க்குக் கீழ இருக்கணும்னுதான் போட்டிருப்பாங்க. பைப்புக்குள்ள 10, 15 சென்டிமீட்டருக்கு மேல விடாதீங்க, சுத்தி காத்து போற இடைவெளி இருக்கட்டும், டேப் சுத்தி அடைக்காதீங்க. பம்ப் இல்லாத டாப் லோட்ல இதே அறிகுறி வந்தா ஹோஸ் காரணம் இல்ல, வால்வு முழுசா மூடல, உள்ள ஏதோ சிக்கியிருக்கு.

நுரை நுரையா பொங்கி வருது

பம்ப் தண்ணியைத் தள்ளும், நுரையைத் தள்ளாது. ஃப்ரண்ட் லோட்ல கை துவைக்கற பவுடரோ டாப் லோட் பவுடரோ போட்டா நுரை ட்ராப் வழியா கூட எழும்பி வரும். இப்ப வெறும் ரின்ஸ் ரெண்டு தடவை ஓட விடுங்க. அடுத்த தடவைலேர்ந்து ஃப்ரண்ட் லோடுன்னு போட்ட பவுடர், அதுலயும் கவர்ல சொன்னதை விடக் கொஞ்சம் குறைச்சே போட்டுப் பாருங்க.

மெஷின் அடியில மட்டும் ஈரம்

தரையை நல்லா துடைச்சிட்டு மெஷின் அடியில பழைய பேப்பரை விரிச்சு ஓட விடுங்க, எந்தப் பக்கம் முதல்ல நனையுதோ அந்தப் பக்கம் பார்க்கணும். முன்னாடி நனைஞ்சா கதவு ரப்பர், இல்ல ஃபில்டரைக் கழட்டி மாட்டும்போது கோணலா மாட்டியிருக்கு. பின்னாடின்னா ஹோஸ் கிளாம்ப். நடுவுல நனைஞ்சா எலியா கூட இருக்கலாம். கிரவுண்ட் ஃப்ளோர் வீடுகள்ல மெஷினுக்கு அடியில புகுந்து ஹோஸையும் ஒயரையும் சேர்த்துக் கடிச்சு வெச்சிடும், ஒயர் கடிபட்டிருந்தா ஓட்டவே கூடாது. ஹோஸ் மாத்தினா மட்டும் பத்தாது, அடிப்பக்கம் வலை போடச் சொல்லுங்க.

நாத்தம், கரப்பான்

ட்ராப்புக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், சுமாரா ரெண்டு இஞ்ச், அதுதான் சாக்கடை வாடையை மேல வர விடாம தடுக்கற மூடி. ஊருக்குப் போயிட்டு இருபது நாள் கழிச்சு வந்தா அது காய்ஞ்சிருக்கும், ரெண்டு மக்கு தண்ணி ஊத்தினா வாடை நின்னுடும். தினமும் பயன்படுத்தற ட்ராப்லயே வாடை வந்து, மெஷின் தண்ணி விடும்போது பாத்ரூம்ல களக் களக்னு சத்தமும் கேட்டா, போற தண்ணி பக்கத்து ட்ராப் தண்ணியையும் இழுத்துட்டுப் போகுது, மொட்டை மாடிக்குப் போற வென்ட் பைப் (லைனுக்குள்ள காத்து வர்ற பைப்) அடைஞ்சிருக்கும், இல்ல போடவே இல்ல.

மத்த சின்ன பைப்புகள்

ஏசி தண்ணி ரூமுக்குள்ள சொட்டினா யூட்டிலிட்டில வர்ற அதோட பைப் முனையைப் பாருங்க. பக்கெட் ரொம்பி முனை தண்ணிக்குள்ள முங்கியிருந்தா காத்து போக வழியில்லாம தண்ணி எதுத்து நிக்கும், முனையைத் தூக்கிக் கட்டினாலே போதும். முனை வெளிய இருந்தும் சொட்டு வரலைன்னா உள்ள பாசி.

ஆர்ஓ கழிவு ட்யூப் ரொம்ப மெல்லிசு, சிங்க் பின்னாடி நசுங்கிடும், இல்ல முனையில உப்புப் படிஞ்சு மூடிடும். நல்ல தண்ணிதான் வருதேன்னு விட்டுடாதீங்க, கழிவு போகலைன்னா உப்பெல்லாம் தண்ணியை வடிகட்டற மெம்பரேன்லயே தங்கி அது சீக்கிரம் போயிடும், அதோட விலை உங்களுக்கே தெரியும். டேங்க் ரொம்பியும் கழிவு நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா அதுக்கு சர்வீஸ் ஆளைக் கூப்பிடணும்.

டிஷ்வாஷர் புதுசா மாட்டின அன்னிக்கே தண்ணி போகலையா? சிங்க் அடியில இருக்கற பாட்டில் ட்ராப்ல ஹோஸ் மாட்டற மூக்கு கம்பெனிலேர்ந்து மூடித்தான் வரும், அதை வெட்டிட்டு மாட்டணும், அவசரத்துல வெட்டாமலே சொருகிடுவாங்க. நல்லா ஓடின மெஷின் திடீர்னு நின்னா அடியில ஃபில்டர்ல புளி நார், கறிவேப்பிலை, மாதுளை விதை பாருங்க. ஃபில்டருக்குக் கீழ கொஞ்சம் தண்ணி எப்பவும் நிக்கும், அது கோளாறு இல்ல.

ஃப்ரிட்ஜ்ல காய்கறி ட்ரேக்கு அடியில தண்ணி சேர்ந்தா பின் சுவத்துல இருக்கற சின்ன ஓட்டை அடைச்சிருக்கு. ஊசி இல்லாத சிரிஞ்சால வெதுவெதுப்பான தண்ணி அடிங்க, கம்பி விட்டுக் குத்தாதீங்க.

ட்ராப்லேர்ந்து தண்ணி மேல வருது

நீங்க ஒண்ணும் ஓட்டவே இல்ல, ஆனா தண்ணி எழும்புதுன்னா தெரு லைன் ரொம்பியிருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழைல சென்னையில கிரவுண்ட் ஃப்ளோர்ல இருந்தவங்க நிறைய பேருக்கு வாசல்ல வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி யூட்டிலிட்டிலயும் பாத்ரூம்லயும்தான் வந்துச்சு. மேல இருக்கற எல்லா வீட்டுக்கும் சொல்லி மெஷின், சிங்க் எதையும் ஓட்டாம நிறுத்துங்க, அவங்க விடற ஒவ்வொரு பக்கெட்டும் கீழ் வீட்ல வந்து நிக்கும். மெயின் சுவிட்சை அணைக்கப் போகும்போது தண்ணி பிளக் பாயிண்ட் உயரத்துக்கு வந்துட்டா தண்ணிக்குள்ள கால் வெக்காதீங்க. சென்னைன்னா மெட்ரோ வாட்டருக்கு 1916-ல சொல்லுங்க, மெஷின் வெச்சு எடுப்பாங்க. அவசரம்னு சொல்லி சாக்கடை சேம்பருக்குள்ளயோ செப்டிக் டேங்குக்குள்ளயோ யாரையும் இறக்காதீங்க, அவரே இறங்கறேன்னு சொன்னாலும் வேண்டாம். விஷவாயு ஒரு மூச்சுல ஆளைச் சாய்ச்சிடும், கையால மலம் அள்ளறதைத் தடை பண்ற 2013 சட்டப்படி அது குற்றமும் கூட. ஒவ்வொரு வருஷமும் நம்ம ஊர்ல இப்படி ஆளுங்க செத்துக்கிட்டே இருக்காங்க, ஒரு அடைப்புக்காக ஒரு வீட்ல அப்பா இல்லாம போறதை என்னால ஏத்துக்கவே முடியல.

தண்ணி வடிஞ்சப்புறம் மெஷின் வெளிய காய்ஞ்சு தெரியும், மோட்டார்லயும் போர்டுலயும் ஈரம் இருக்கும். பிளக் சொருகிப் பார்க்காம, பின் கவரைக் கழட்டி மெக்கானிக் பார்க்கற வரைக்கும் அப்படியே வெச்சிருங்க.